பொள்ளாச்சிச் சந்தையில் இரண்டு வரிக்குதிரைகள்

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மரகதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். "இங்கு நான் சௌக்கியம்" என்று ஒரு வரி எழுதினேன். அது உண்மைதானா என்று யோசித்ததில் பேனாவில் மை காய்ந்துவிட்டது. காகிதத்தை நான்காக மடித்து என் பழைய நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்தேன். நோட்டுப் புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

மரகதம் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் கிழக்கு ஆப்பிரிக்காவில், மொம்பாசாவிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் ரயில் பாதையில், ஒரு சிறிய ஸ்டேஷனுக்கு மாஸ்டராக இருந்தார். மரகதத்தின் கணவர் அங்கே தந்தி குமாஸ்தா. பதினோரு வருஷம் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புத்தான். தடுப்புக்கு அப்பால் புல்வெளி, புல்வெளி முழுவதும் மிருகங்கள். இப்போது இரண்டு கணவர்களும் இல்லை. மரகதம் பவானியில் தன் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். நான் கோயமுத்தூரில் அண்ணன் வீட்டில், பத்துப் பேருக்கு நடுவில் இருக்கிறேன். "இங்கே வந்து என்னோடு இரேன்" என்று அவள் வருஷம் தவறாமல் எழுதுகிறாள். அண்ணனிடம் ஒருமுறை காட்டினேன். "ரெண்டு தாலியறுத்தவங்க ஒரே ஊட்டுல இருந்தா அந்த ஊடு வெளங்குமா, அம்மணி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

பயணத்துக்குக் காரணம் ஒரு துண்டு நோட்டீஸ். "ஆப்பிரிக்கக் காட்டு மிருகங்கள்! யார் துணையும் வேண்டாத தனிக்காட்டு ராஜாவாம் சிங்கம்! பிணம் தின்னும் கோழை கழுதைப்புலி! வரிக்குதிரை எனும் அதிசயப் புரவிகள்! பொள்ளாச்சிச் சந்தை மைதானத்தில் கார்த்திகை முடிய" என்று மஞ்சள் காகிதத்தில் அச்சடித்து வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போனார்கள். வாசித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்று மிருகங்களைப் பற்றி மூன்று வரி, அதில் இரண்டு பொய். மூன்றாவது வரி பொய்யாகாமல் தப்பியதற்குக் காரணம், அதில் விஷயமே இல்லை. ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை நேரே போய்ப் பார்த்துவிடுவது என்று புறப்பட்டேன்.

கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி இருபத்தாறு மைல். போத்தனூர் போய் ரயிலிலும் போகலாம், ஆனால் சந்தை நாளில் பஸ்தான் சௌகரியம். ஏழேகாலுக்குப் புறப்படும் என்றார்கள். ஆள் சேரும்வரை நின்று ஏழே முக்காலுக்குப் புறப்பட்டது. கட்டணம் ஏழணா. கிணத்துக்கடவில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றப் பத்து நிமிஷம் நிற்கும், இறங்கிக் காலை நீட்டிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் இடப்பக்கம் உட்காராதீர்கள், படுதா ஒழுகுகிறது.

"ஏனுங்கம்மணி, சந்தைக்குங்களா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"சிங்கம் பார்க்க."

"அதுக்கா ஏழணா குடுத்தீங்க? எங்க பஸ் மொதலாளி ஊட்டுப் பக்கம் போயிருந்தீங்கன்னா சும்மாவே பாத்திருக்கலாமுங்களே!" என்றார். டிரைவர் திரும்பிப் பார்த்து, "டேய், வண்டியில அவரு மச்சினன் உக்காந்திருக்கறாரு" என்றார். கிணத்துக்கடவு வரையில் கண்டக்டர் சில்லறையையே எண்ணிக்கொண்டு வந்தார்.

ஒன்பதரைக்குப் பொள்ளாச்சி. மாட்டுச் சந்தையின் சேற்றைத் தாண்டி மேற்கே இரண்டு பர்லாங் நடந்தால் மைதானம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்தேன். பத்து மணிக்குக் காட்சி திறக்கும் என்று எழுதியிருந்தது. மேஜை போட்டு முதலாளியே சீட்டுக் கொடுக்க உட்கார்ந்திருந்தார். பெயர் மாரப்பக் கவுண்டர். தாராபுரத்துப் பக்கம் முப்பது வருஷம் மாட்டுத் தரகராக இருந்தவர். மூன்று மாதத்துக்கு முன் கடனில் விழுந்த ஒரு பம்பாய்க்காரரிடமிருந்து இந்தக் காட்சியை மிருகங்களோடு வாங்கினாராம். நான்தான் முதல் ஆள். இரண்டணாவை நீட்டினேன்.

அவர் என் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். எழுந்து நின்று கையைக் கூப்பினார்.

"அம்மணி கோவிச்சுக்கப்படாதுங்க. இன்னும் போணி ஆவலீங்க. ஒரு அஞ்சு நிமிசம் அந்தப் புளியமரத்தடியில நின்னீங்கன்னா, யாராச்சும் சுமங்கலி வந்து மொதச் சீட்டு வாங்கிப்போடட்டுங்க. அப்பறம் நீங்க எத்தன தரம் வேணும்னாலும் பாருங்க. காசே வேண்டாமுங்க."

எங்கள் ஜில்லாவில் முகத்தில் அடிப்பதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள். மனிதர் கையை வேறு கூப்பிக்கொண்டிருந்தார். நான் பி.ஏ. படித்தவள், கடல் கடந்து போய் வந்தவள், காட்டுச் சிங்கத்தை ஜன்னலிலிருந்து விரட்டியவள். அத்தனையும் இருந்தும் அந்தப் புளியமரத்தடிக்குப் போய் நின்றேன். அவர் சொன்னதைவிட நான் போய் நின்றதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

மரத்தடியில் புல்கட்டு விற்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் ராமாத்தா. உடுமலைப்பேட்டையிலிருந்தே கூட வந்து இந்தக் காட்சிக்குப் புல் போடுவதும் அவள்தான். "இங்கதானுங்க நிக்கச் சொல்வாரு. நேத்து நானும் நின்னேன்" என்றாள் சிரித்துக்கொண்டு. அவள் நெற்றியும் வெறுமையாகத்தான் இருந்தது. "நம்ம கையால போடற பில்லு மட்டும் அதுகளுக்கு ஆவுமுங்களாம்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நாய் குரைப்பு மாதிரி தொடங்கி, மூச்சை உள்ளே இழுத்து, மறுபடி குரைக்கும் சத்தம். கூடாரத்தின் முன்பக்கத்திலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. சற்றுப் பொறுத்துப் பின்பக்கம் கிணற்றடியிலிருந்து அதே குரல், ஆனால் ஈனமாக, பதில் சொன்னது. எட்டு வருஷமாக நான் கேட்காத குரல். வரிக்குதிரை கூட்டத்தைவிட்டுப் பிரிந்துபோனால் இப்படித்தான் கூப்பிடும். ஸ்டேஷனில் நள்ளிரவு கூட்ஸ் வண்டி போய் மந்தை கலைந்தால், விடியும்வரை புல்வெளி முழுதும் இந்தக் குரல்தான். எல்லாம் சேர்ந்த பிறகுதான் அடங்கும்.

கிணற்றடிக்குப் போனேன். ஒரு பெண் வரிக்குதிரை. கயிற்றைக் குட்டையாகக் கட்டியிருந்தார்கள். விலா எலும்புகளை எண்ணலாம். முன்னால் போட்ட புல் மஞ்சளாகிக் கிடந்தது.

"அஞ்சு நாளா வாய் வெக்கலீங்க" என்றாள் பின்னாலேயே வந்த ராமாத்தா. "உடுமலையில இருக்கறவரைக்கும் ரெண்டும் ஒரே கொட்டாயிலதான் நின்னுதுங்க. அங்க மொதலாளியோட மச்சினன் வண்டியில இருந்து உழுந்து செத்துப்போனாருங்க. இவரு மாட்டுக்காரராச்சுங்களே, ஒடனே ஒவ்வொண்ணாச் சுழி பாத்தாரு. இதுக்குப் பாடைச் சுழின்னு சொல்லிப்போட்டாரு. அன்னைக்கே பிரிச்சுக் கட்டியாச்சு. இன்னைக்கி மூணு மணிக்குத் தோல் யாவாரி வாரானுங்க."

வெளியூர் வாசகர்களுக்கு: மாட்டின் உடம்பில் ரோமம் சுழித்திருக்கும் இடத்தை வைத்து அது குடும்பத்தை வாழவைக்குமா கெடுக்குமா என்று பார்ப்பது இங்கே வழக்கம். பாடைச் சுழி இருந்தால் வீட்டில் சாவு விழும் என்பார்கள். எத்தனை நல்ல பசு அந்தச் சுழியால் கசாப்புக்குப் போயிருக்கிறது! ஆனால் ஆப்பிரிக்காவில் பிறந்து, கப்பலில் வந்து, பம்பாயில் இறங்கிய ஒரு ஜீவனுக்குத் தாராபுரத்துச் சாஸ்திரத்தைப் பார்ப்பவர் உலகத்தில் மாரப்பக் கவுண்டர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

இதற்குள் ஒரு சுமங்கலி வந்து போணி செய்து, கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நானும் போனேன். முதலாளி கையில் கழியோடு ஒவ்வொரு கூண்டாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு சிங்கமும் இரண்டு பெண் சிங்கங்களும் தனித்தனிக் கூண்டுகளில் இருந்தன. "பொம்பளைக ரெண்டு ஒண்ணாச் சேந்தா சண்டைதானுங்களே!" என்றார். கூட்டம் சிரித்தது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். பூனை இனத்தில் குடும்பமாக வாழ்வது சிங்கம் ஒன்றுதான். அதிலும் குடும்பம் என்பது பெண் சிங்கங்கள்தான். அக்கா தங்கைகள், அவர்களுடைய பெண்கள். ஆண் சிங்கம் வரும், சில வருஷம் இருக்கும், வேறொன்று வந்து விரட்டும், போய்விடும். எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே நாலு பெண் சிங்கங்கள் ஒன்பது குட்டிகளை வளர்த்தன. எந்தக் குட்டி எதனுடையது என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. எந்தக் குட்டி வந்து முட்டினாலும் எந்தத் தாயும் பால் கொடுத்தது. வேட்டைக்குப் போனால் இரண்டு சுற்றி வளைக்கும், இரண்டு புல்லுக்குள் படுத்துக் காத்திருக்கும். கோழை என்று நோட்டீஸ் திட்டிய கழுதைப்புலியும் அப்படித்தான். மற்றவை கொன்றதை அது தின்பது நிஜம். ஆனால் தானே கூட்டமாகத் துரத்திக் கொன்று தின்பதையும், அந்த இரையைச் சிங்கம் வந்து பிடுங்கிக்கொள்வதையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் உருவத்தில் பெரியது பெண். அது வந்தால் ஆண் ஒதுங்கி வழிவிடும். போணிக்காக எந்தப் பெண் கழுதைப்புலியும் மரத்தடியில் நின்றதில்லை.

கடைசிக் கூண்டில் மற்ற வரிக்குதிரை. அதுவும் பெண்தான். ஓரிடத்தில் நிற்காமல் கம்பியோரமாகப் போவதும் வருவதுமாக இருந்தது. கிணற்றடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கூப்பிட்டது. "பாருங்க, சனங்களக் கண்டதும் ஆட்டம் போடுது!" என்றார் முதலாளி.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஆட்டமில்லை. தன் கூட்டாளியைத் தேடுகிறது" என்று உரக்கச் சொன்னேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. முதலாளி கழியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஆளுக போவட்டுங்க அம்மணி, அப்பறம் பேசலாமுங்க" என்றார்.

பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் கலைந்தது. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவருக்குச் சொன்னேன். வரிக்குதிரை தனியாக வாழப் பிறந்ததல்ல. ஒரு ஆண், நாலைந்து பெண், குட்டிகள், இதுதான் அதன் குடும்பம். ஒரு வரிக்குதிரையின் வரி மாதிரி இன்னொன்றுக்கு இருக்காது, அதை வைத்துத்தான் குட்டி தாயை அடையாளம் காண்கிறது. நொண்டி ஒன்று பின்தங்கினால் மற்றவை நடையைக் குறைக்கும். இளைப்பாறும்போது இரண்டிரண்டாக எதிரும் புதிருமாக நின்று, ஒன்றின் முதுகில் ஒன்று தலையை வைத்துக்கொள்ளும். இது ஒரு பக்கம் பார்க்கும், அது மறுபக்கம் பார்க்கும், வால் ஈயோட்டும். பிரித்தால் தின்னாது. இதற்கு நோய் இல்லை, துணைதான் இல்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். மாட்டுத் தரகருக்கே உரிய பொறுமை அது, எதிராளி பேசி ஓயட்டும் என்று காத்திருப்பது. பிறகு, "நீங்க படிச்சவங்க, சொல்றது செரியாத்தானுங்க இருக்கும். ஆனா சுழி சுழிதானுங்களே? எம் மச்சினன் போயிட்டானுங்களே? ஊட்டுல எந்தங்கச்சி இன்னும் எந்திரிச்சு உக்காரலீங்க" என்றார். அவர் கண் கலங்கியது. அவருக்குத் துக்கம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தத் துக்கத்தை ஒரு வாயில்லா ஜீவன் தலையில் ஏற்றுவதற்கு அவருக்கு என்ன உரிமை என்பதுதான் என் ஆத்திரம்.

"அந்தச் சுழி எங்கே? காட்டுங்கள்" என்றேன்.

கிணற்றடிக்கு வந்து காட்டினார். பிடரிக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு சுழி. "பாட தூக்கற ரெண்டு மூங்கில் மாதிரிங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஸ்டேஷனில் தாயில்லாத வரிக்குதிரைக் குட்டி ஒன்றை நானும் மரகதமும் நாற்பது நாள் பால் ஊற்றி வளர்த்தோம். அதற்கும் அதே இடத்தில் அதே சுழிகள் இருந்தன. என் விரலுக்கு இன்னும் நினைவிருக்கிறது. "கூண்டிலிருப்பதைத் தடவிப் பாருங்கள். அதற்கும் இருக்கும். வரிக்குள் மறைந்திருப்பதால் உங்கள் கண்ணுக்குப் படவில்லை" என்றேன்.

போய்த் தடவினார். இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மூன்று மாதம் இந்தச் சுழியோடுதானே இருந்தீர்கள், அப்போது எதுவும் நடக்கவில்லையே என்று கேட்க வாயெடுத்தேன்.

மாரப்பக் கவுண்டர் முகம் வெளுத்து நின்றார். "அட முருகா! ரெண்டுக்குமுங்களா? நல்ல வேளைக்கிச் சொன்னீங்க, அம்மணி. உங்களுக்குக் கோடிப் புண்ணியமுங்க. தோல்காரன் வரட்டும், ரெண்டையும் தள்ளியுட்டுப்போடறேன்."

ஒன்றைக் காப்பாற்ற வந்து இரண்டாவதையும் நானே பிடித்துக் கொடுத்திருந்தேன். ஏதேதோ சொன்னேன். இங்கிலீஷில்கூடச் சொன்னேன் போலிருக்கிறது. அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

ராமாத்தா புல்கட்டை இறக்கி வைத்தாள். "ஏனுங்க மொதலாளி, நீங்க பெரிய மாட்டுக்காரரு, உங்களுக்கு நாஞ் சொல்லோணுமா? பாடைச் சுழி ஒண்ணாத் தனியா நின்னாத்தானுங்க காவு கேக்கும். அதே சுழி சோடியா நின்னா ஒண்ணையொண்ணு முறிச்சுப்போடுமுங்களே. உடுமலையில ரெண்டும் ஒண்ணா நின்னவரைக்கும் ஒரு பொல்லாப்பு வந்துதுங்களா?"

"மச்சினன் போனப்ப ரெண்டும் ஒண்ணாத்தான நின்னுது?"

"எங்கீங்க? அன்னைக்கிக் காத்தாலதான லாடக்காரன் குளம்பு பாக்கறதுக்கு இதையப் பிரிச்சு ஓட்டிட்டுப் போனான்? மத்தியானம் அவரு உழுந்தாரு. மறந்துட்டீங்களாக்கும். எங்கய்யன் இந்தச் சோடிச் சுழியப் பத்தி அடிக்கடி சொல்லுவாருங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா!"

முப்பது வருஷத் தரகர், புல்காரிக்குத் தெரிந்தது தமக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வார்? மீசையைத் தடவினார். "ஆமா, ஆமா. சோடிச் சுழி. இருக்குது. நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார். "அவுத்து உள்ள உடு, புள்ள."

அவிழ்த்துவிட்டதும் கிணற்றடி வரிக்குதிரை ஓடவில்லை, ஓடத் தெம்பில்லை. கூண்டு வாசல்வரை தள்ளாடி நடந்தது. உள்ளே இருந்தது வந்து மூக்கோடு மூக்கு வைத்தது. கழுத்தை முகர்ந்தது. பிறகு இரண்டும் எதிரும் புதிருமாக நின்றன. மெலிந்தது மற்றதன் முதுகில் தலையை வைத்தது. கூப்பாடு நின்றுவிட்டது. அரைமணி கழித்து ராமாத்தா போட்ட புல்லில் ஒரு வாய் கடித்தது. இரண்டாவது வாய். மூன்று மணிக்குத் தோல் வியாபாரி வந்தார். முதலாளி அவரிடம் சோடிச் சுழியின் மகிமையை, தாம் பிறந்தது முதல் அறிந்தவர் மாதிரி, கால்மணி நேரம் விளக்கி அனுப்பினார்.

பஸ் நிற்குமிடம்வரை ராமாத்தா கூட வந்தாள். "உன் அப்பா நிஜமாகவே அப்படிச் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"எங்கய்யன் மாட்டுப் பக்கமே போனதில்லீங்க. அவரு தறி நெய்யறவரு."

"லாடக்காரன்?"

"அவனும் பொய்தானுங்க." அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க நெசத்தச் சொன்னீங்க. ஒண்ணுக்கு இருந்த சாவோலை ரெண்டுக்கு ஆச்சு. அப்பறம் நான் என்னங்க பண்ணட்டும்?"

ஐந்து மணி பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. பதினோரு வருஷம் கண்ணால் கண்டு எழுதிய நோட்டுப் புத்தகம் தோற்று, இட்டுக்கட்டிய ஒரு சாஸ்திரம் ஜெயித்ததே என்ற கோபம். அந்த மனிதர் இன்று ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. நாளைக் காலையும் ஒருத்தியை மரத்தடியில் நிற்கச் சொல்வார், கையைக் கூப்பிக்கொண்டு. ஆனால் இரண்டு ஜீவன்கள் புல் தின்கின்றன. இந்த இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொள்ள எனக்குக் கிணத்துக்கடவுவரை பிடித்தது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வியாழக்கிழமை வேண்டாம், சந்தைச் சேறு கணுக்கால்வரை. வெள்ளி, சனி காலை நல்லது. குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். சிங்கத்தைப் பற்றி முதலாளி சொல்வதை நம்ப வேண்டாம், கூண்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். ஒரு பெண் சிங்கம் உறுமினால் இன்னொன்று காதைத் திருப்புவதைப் பார்ப்பீர்கள். புல் வாங்கிப் போடுவதாக இருந்தால் புளியமரத்தடியில் ராமாத்தாவிடம் வாங்குங்கள். முதல் ஆளாகப் போகிற சுமங்கலிகளுக்கு ஒரு வேண்டுகோள்: மரத்தடியில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்து, அவர்களைக் கையோடு அழைத்துப்போய் முதல் சீட்டை வாங்கச் சொல்லுங்கள்.

இன்னும் ஒரு வழித்தடம். கோயமுத்தூரிலிருந்து ஈரோட்டுக்கு ரயிலில் அறுபத்திரண்டு மைல். அங்கிருந்து பவானிக்குப் பஸ்ஸில் ஒன்பது மைல். காலை ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளும் பஸ்ஸின் மேல் தாராளமாக ஏற்றலாமாம், விசாரித்துவிட்டேன். வீடு திரும்பியதும் நோட்டுப் புத்தகத்திலிருந்து காலைக் கடிதத்தை எடுத்தேன். "இங்கு நான் சௌக்கியம்" என்ற வரியை அடித்துவிட்டேன். அதன் கீழே, வருகிற கார்த்திகை முதல் திங்கட்கிழமை என்று மட்டும் எழுதினேன். கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மரகதத்துக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. அவர் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை.